அடுப்புக் கற்கள் மூன்று

என்னிடம் அரபி இலக்கணம் ஓதிய மாணவர் ஒருவர் இப்பொழுது பொறியியல் பணியின் நிமித்தம் துனீசியாவில் வசிக்கிறார். சென்ற ஷஅபான் மாதத்தில் விடுமுறை எடுத்துக்கொண்டு, முதலில் அந்நாட்டிலும் பின்னர் எகிப்திலுமாக, மத்தியதரைக் கடலின் தென்கரையிலுள்ள பழைய இடிபாடுகளைச் சுற்றிப் பார்த்தார். நாள்தோறும் இஷாவுக்குப் பின் அவரிடமிருந்து என் கைபேசிக்குப் படங்கள் வரும். ஒன்று தவறாமல் உடைந்த தூணாக இருக்கும். அடுத்தது தவறாமல் உணவுத் தட்டாக இருக்கும். கர்தாஜின் குளியல் மாளிகைச் சிதைவுகள், அதன்பின் மீன் வைத்த குஸ்குஸ். எல்ஜெம் நகரின் வட்டரங்கு, அதன்பின் ஆலிவ் எண்ணெயில் குளித்த ரொட்டி. இஸ்கந்தரிய்யாவில், பாம்பேயின் தூண் என்று பெயர் பெற்றும் உண்மையில் டயோக்ளீஷியன் மன்னனுக்காக நாட்டப்பட்ட அந்த ஒற்றைக் கல்தூண், அதன்பின் இரவெல்லாம் வெந்த மொச்சைக் குழம்பாகிய ஃபூல். கடைசியாக ரவையில் செய்த பஸ்பூசா என்னும் இனிப்பு.

கைரவான் நகரின் பெரிய பள்ளிவாசலிலிருந்து அவர் அனுப்பிய படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உக்பா இப்னு நாஃபிஉ அவர்கள் கி.பி. 670-இல் அடிக்கல் இட்ட பள்ளி அது. இன்று நாம் காணும் கட்டடம் பெரும்பாலும் 9-ஆம் நூற்றாண்டினது. அதனுள் நிற்கும் நூற்றுக்கணக்கான தூண்கள் ரோமர், பைசாந்தியர் காலத்து இடிபாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை. ஒன்றின் தலைப்பைப்போல் மற்றொன்றின் தலைப்பு இராது. எந்தெந்த நகரின் மாளிகைகளையோ தாங்கியவை, இன்று ஒரே கூரையைத் தாங்கி நிற்கின்றன. 

படத்தின் கீழே அவர் எழுதியிருந்தார்: "ஹஜ்ரத், முப்பது ஆண்டுகளாக எங்களுக்கு அத்லால் பாடம் நடத்தினீர்களே, ஒரு தடவையேனும் வந்து பாருங்கள். பயணச்சீட்டு என் பொறுப்பு."

அத்லால் என்பது என்னவென்று அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல். இஸ்லாத்திற்கு முற்பட்ட அரபிக் கவிஞர்கள் தம் நெடும்பாட்டை இடிபாட்டின்முன் நின்றுதான் தொடங்குவார்கள். காதலியின் கூட்டத்தார் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டு வேறு மேய்ச்சல் நிலம் தேடிப் போயிருப்பார்கள். பாலையில் எஞ்சிய தடங்களைக் கண்டு கவிஞன் ஒட்டகத்தை நிறுத்துவான். உடன் வந்தவர்களையும் நிற்கச் சொல்லுவான். இம்ருவுல் கைஸின் முஅல்லகா அவ்வாறுதான் தொடங்குகிறது. ஸுஹைரின் பாட்டில் அத்தடங்களுள் ஒன்றாக 'அஸாஃபீ' வருகிறது. பானையைத் தாங்க முக்கோணமாக வைக்கப்படும் அடுப்புக் கற்கள் மூன்று, அவைதாம் அஸாஃபீ. கூடாரம் போய்விடும், கயிறு போய்விடும், மனிதர் போய்விடுவர். கரி படிந்த அம்மூன்று கற்களைத் தூக்கிச் செல்ல எவரும் விரும்பார். ஆகவே அவை கிடக்கும்.

இச்சொல்லின் ஒருமை, பன்மை, வேர்ச்சொல் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதி எழுதி என் சுண்ணக்கட்டிகள் எத்தனையோ தேய்ந்திருக்கின்றன. கல்லைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. மாணவருக்கு விடை எழுதவும் அன்றிரவு எனக்குக் கை வரவில்லை. ஏனெனில், நான் போய்ப் பார்த்திருக்க வேண்டிய இடிபாடு மத்தியதரைக் கடற்கரையில் இல்லை. தாம்பரத்தில் மாலை வண்டி ஏறினால் மறுநாள் காலையில் இறங்கிவிடக்கூடிய தொலைவில் அது இருந்தது. அங்கே போகாமலிருக்க இரண்டு ஆண்டுகளாகக் காரணங்கள் தேடிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி காயல்பட்டினத்துக்காரி. அவ்வூர் வழக்கத்தை நம்மில் பலர் அறிவர். மகளுக்கு வீடு கொடுப்பார்கள்; மணமகன் அந்த வீட்டுக்குப் போய் வாழ்வான். 1993-இல் எங்கள் நிக்காஹ் நடந்தபோது என் மாமனாரும் அவ்வண்ணமே தம் மகளின் பெயருக்கு ஒரு வீடு எழுதி வைத்தார். நானோ செங்கற்பட்டுச் சீமையில் பிறந்து வளர்ந்தவன். புதிதாக ஆலிம் பட்டம் பெற்றவன். இளமையின் முறுக்கும் இருந்தது. "பெண் வீட்டில் போய்ச் சோறு தின்னுவதற்கா பத்தாண்டு ஓதினேன்?" என்று என் நண்பர்களிடம் சொன்னேன். அச்சொல் அவள் காதுக்கும் போயிற்று. மூன்றாம் மாதமே அவளைப் பொத்தேரிக்கு அழைத்து வந்துவிட்டேன்.

அக்காலத்துப் பொத்தேரியை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஏரியும் வயலும் ஒற்றையடிப் பாதையும் இருந்தன. இரவில் தவளைச் சத்தம் தவிர வேறொன்றும் கேட்காது. இன்று ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கவே கால் மணி நேரம் ஆகிறது. பல்கலைக்கழகமும் அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. பீகாரிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்த மாணவர்கள் மின்தொடர் வண்டி நிலையத்திலிருந்து அலை அலையாக இறங்குகிறார்கள். அந்தப் பழைய ஊரில், கடலையே பார்த்து வளர்ந்த பெண்ணொருத்தி கடலின்றி இருபத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தாள். குறை கூறியதாக எனக்கு நினைவில்லை. பெருநாளன்று மட்டும், எரிவாயு அடுப்பு இருக்கும்போதே, கொல்லைப்புறத்தில் மூன்று செங்கற்களைக் கூட்டி விறகு வைத்து நெய்ச்சோறு ஆக்குவாள். விறகுத் தீயில்தான் அந்த மணம் வருமாம். சில ஆண்டுகளுக்குமுன் இரு சக்கர வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று அந்தக் கொல்லைக்கு நான் சிமெண்டுத் தளம் போட்டேன். செங்கற்கள் குப்பைக்குப் போயின. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பெருநாளுக்கு எரிவாயு அடுப்பில் சோறு வெந்தது.

2022-இல் அவள் இறையடி சேர்ந்தாள். அதன்பின் காயலுக்கு நான் போகவில்லை. மச்சானிடமிருந்து மும்முறை செய்தி வந்தது. வீட்டின் பின்கட்டுச் சுவர் விரிந்துவிட்டது. மாமிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. வீட்டை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். வாரிசுகள் கையொப்பம் வேண்டும். ஷார்ஜாவிலிருக்கும் என் மகளோ, "வாப்பா, நீங்கள் எப்படிச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டாள். மாணவர் அனுப்பிய படங்கள் வந்தபிறகு எனக்குச் சாக்குகள் தீர்ந்துபோயின. ரமழான் கழிந்து, மதரஸா திறப்பதற்குமுன், ஷவ்வால் பிறை பத்தில் தாம்பரத்தில் வண்டி ஏறினேன்.

வண்டியில் தூக்கம் வரவில்லை. ஃபராயிள் பாடம் நடத்துகிறவனுக்குக் கணக்கு தானாகவே ஓடும். மனைவி விட்டுச் சென்ற சொத்து. கணவன், தாய், ஒரு மகள், உடன்பிறந்த சகோதரன் ஒருவன். பன்னிரண்டு பங்காக்கினால் கணவனுக்குக் கால் பங்கு, அதாவது 3. தாய்க்கு ஆறில் ஒன்று, 2. மகளுக்குப் பாதி, 6. எஞ்சிய 1 சகோதரனுக்கு. மாணவர்களுக்கு எத்தனையோ தடவை நடத்திய கணக்குத்தான். ஆனால் எந்த வீட்டில் குடியிருப்பது எனக்கு இழுக்கு என்று சொன்னேனோ அந்த வீட்டில் பன்னிரண்டில் மூன்று பங்கு எனக்கு என்று விழுப்புரத்தைத் தாண்டும்போது விடை வந்ததும், எழுந்துபோய்க் கதவருகே நின்றுகொண்டேன்.

காலையில் ஆறுமுகநேரியில் இறங்கினேன். அங்கிருந்து காயல் கூப்பிடு தூரம்தான். ஆட்டோக்காரர், "காயல்பட்டினம்தானே, பாய்?" என்று கேட்டார். "முதலில் கொற்கைக்குப் போவோம்" என்று என் வாய் சொல்லிற்று. வாசகர்கள் இதை வரலாற்று ஆர்வம் என்று எண்ணிவிட வேண்டாம். நேரம் கடத்துவதற்கு எனக்கு ஓர் இடம் தேவைப்பட்டது.

ஏரலில் ஒரு சிறு கடையில் பசியாறினோம். இட்டிலியும், தேங்காயை மட்டில்லாமல் அரைத்த சட்டினியும். ஆட்டோக்காரர் அந்தப் பக்கத்து மண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். தாமிரபரணி பாயும் இடம். வாழையும் நெல்லுமாகக் கண் குளிர்ந்தது. ஒரு துறைமுகத்தைத் தேடிப் போகிறோம் என்ற எண்ணமே வரவில்லை.

கொற்கை இன்று ஒரு சிற்றூர். கடல் அங்கிருந்து கிழக்கே கல் கணக்கில் விலகிப் போய்விட்டது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது. பாண்டியரின் முத்துத் துறை என்று சங்கப் பாடல்கள் புகழ்ந்த ஊர். செங்கடல் வழிநூலாகிய பெரிப்ளூஸ் 'கொல்கோய்' என்று குறித்த ஊர். தாலமியின் நிலநூலிலும் இடம்பெற்ற ஊர். இங்கே முத்துக் குளிப்பதில் தண்டனை பெற்ற குற்றவாளிகளை ஈடுபடுத்தினார்கள் என்று அந்தக் கிரேக்க வழிநூல் சொல்கிறது. கழுத்தில் முத்து அணிந்த உரோமாபுரிச் சீமாட்டிக்கு அது தெரிந்திருக்காது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1968, 1969 ஆண்டுகளில் இங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரியை ஆய்ந்து, அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 785 என்று கண்டார்கள். 2021-இலும் மறுபடி தோண்டினார்கள்.

நான் எதிர்பார்த்தது என்னவோ, கர்தாஜைப்போல் தூண்கள். இருந்ததோ ஒரு முதிய வன்னி மரம், ஒரு குளம், பனைகள், உழுத நிலம். வன்னி மரத்துக்கு இரண்டாயிரம் வயது என்று ஆட்டோக்காரர் சொன்னார். அடிமரம் முறுக்கிக்கொண்டு படுத்துக் கிடந்த தோரணையைப் பார்த்தால் மறுக்கத் தோன்றவில்லை. கல்லில் கட்டாமல் செங்கல்லிலும் மரத்திலும் ஓலையிலும் கட்டி வாழ்ந்த மக்களின் இடிபாடு இப்படித்தான் இருக்கும் போலும். வரப்பில் குனிந்தால் பானை ஓடு தட்டுப்படுகிறது. ஒன்றை எடுத்துத் துடைத்தேன். உட்புறம் கருப்பு, வெளிப்புறம் சிவப்பு. விளிம்பு வளைவைப் பார்த்தால் சோற்றுப் பானையாக இருக்கலாம். மேலே கொஞ்சம் புகை படிந்தது போலவும் இருந்தது. அது மண்ணின் நிறமோ, என் மனத்தின் நிறமோ. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இப்படி ஆளுக்கொன்று எடுத்துப் போனால் பின்வருவோர்க்கு வரப்புக்கூட எஞ்சாது.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. எகிப்தின் செங்கடற்கரையில் குசைர் அல்கதீம் என்றொரு பாழ்பட்ட துறைமுகம் இருக்கிறது. ரோமர் காலத்திலும் பின்னர் மம்லூக்கியர் காலத்திலும் கப்பல்கள் வந்து நின்ற இடம். அங்கே தோண்டியவர்களுக்குத் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. சாதன், கணன் என்று இரண்டு பெயர்கள். பிற்பாடு கிடைத்த மற்றொரு ஓட்டில் 'பானை ஒறி' என்று இருந்தது. உறி! வெண்ணெய்ப் பானையைப் பூனைக்கு எட்டாமல் தொங்கவிடுகிறோமே, அந்த உறி. அதற்குத் தெற்கே பெரனிகே துறைமுகத்தில் ஓர் இந்தியப் பானையில் ஏழு கிலோவுக்கும் அதிகமான மிளகு அப்படியே கிடைத்திருக்கிறது. அரசர்களின் வெற்றியைக் கல்லில் வெட்டினார்கள். மாலுமி ஒருவன் தன் உறியைப் பானையில் கீறி வைத்தான். இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து நமக்கு நெருக்கமாக இருப்பது எது என்று வாசகர்களே சொல்லட்டும்.

அடுத்துப் பழைய காயல். இத்தாலியின் வெனிஸ் நகரத்து மார்க்கோபோலோ 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'காயில்' என்று எழுதிய துறைமுகம் இதுவே என்று கால்டுவெல் பாதிரியார் கருதினார். அவர் 1870-களில் கொற்கையையும் இவ்வூரையும் சுற்றி நடந்து, ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் நெடுந்தொலைவு சிதறிக் கிடப்பதைப் பதிவு செய்திருக்கிறார். எங்கள் காயல்பட்டினத்தார் இதை ஒப்பமாட்டார்கள். மார்க்கோபோலோ வந்தது எங்கள் ஊருக்கே என்பார்கள். என் மாமனார் மர்ஹூம் அவர்கள் இதுபற்றிப் பேச்செடுத்தால் தேநீர் ஆறிப்போகும். இந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்வதற்கில்லை; ஆறும் கடலும் இடம் மாற மாற, ஒரே பெயரைச் சுமந்துகொண்டு மக்களும் இடம் மாறியிருக்கிறார்கள்.

ஹுர்முஸ், கீஷ், அதன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்து நின்ற துறை அது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், மஅபர் நாட்டுக்கு ஆண்டுதோறும் வந்த குதிரைகள் பத்தாயிரம் என்றும், ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார் என்றும் எழுதுகிறார். மஅபர் என்பது நம் கீழைக் கடற்கரைக்கு அரபியர் இட்ட பெயர். கடந்து செல்லும் துறை என்று பொருள். மத்தியதரைக் கடலின் மேற்கு வாயிலாகிய தன்ஜாவில் 1304-இல் பிறந்த இப்னு பதூதாவும் இக்கடற்கரைக்கு வந்தார். ஃபத்தன் என்ற துறைமுகத்தில் கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசலையும், திராட்சையும் மாதுளையும் மிகுந்திருந்ததையும், ஒரு பெரியவரின் பக்கீர்களோடு உட்கார்ந்து உண்ட சிங்கத்தையும் தம் பயண நூலில் குறித்து வைத்தார். அவர் மணந்த பெண்களுள் ஒருத்தி மதுரை சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகள். அந்த வகையில் அவரும் மஅபர் நாட்டு மாப்பிள்ளையே. இத்தனை ஆண்டுகள் அந்த நூலைப் படித்தும், என்னோடு அவருக்கிருந்த இந்த ஒரு பொருத்தத்தை நான் கவனித்ததே இல்லை.

பழைய காயலில் இன்று கண்ணுக்குத் தெரிவது உப்பளம். வெயிலில் வெள்ளைக் குவியல்கள் கண்ணைக் கூசச் செய்தன. பாதையோரம் பனையிலிருந்து இறங்கியவர் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றித் தந்தார். சுண்ணாம்பின் மெல்லிய காரத்தோடு தொண்டையில் இறங்கிய அந்த இனிப்பு எனக்கு எங்கோ அறிமுகமாக இருந்தது. என் மனைவி பொத்தேரிக்கு ஊரிலிருந்து வரவழைத்த கருப்பட்டியின் வாசம் அது. "சர்க்கரை இங்கே கடையிலேயே கிடைக்கிறதே, எதற்கு இந்தச் சுமை?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

இனி நேரம் கடத்த இடமில்லை. நண்பகல் பாங்கு சொல்லும்போது காயல்பட்டினத்தில் இறங்கினேன்.

அவ்வூர்த் தெருக்களில் வீடுகள் நீண்டு உள்வாங்கியிருக்கும். பெண்கள் தெருவுக்கு வராமலே ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குப் போய்வர இடையிடையே முடுக்குகள் என்னும் சிறு சந்துகள் உண்டு. வீட்டு முன்சுவர் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. உள்ளே நுழைந்ததும் மாமி ஊன்றுகோலோடு எழுந்து வந்தார்கள்.

"வாங்க மாப்பிள்ளை. வழி மறக்கலையே?"

நான் ஸலாம் சொல்லிவிட்டுத் தலை குனிந்து நின்றேன். அவர்கள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. சோறு ஆகிவிட்டது என்றார்கள்.

அங்கே தனித்தனித் தட்டில் உண்ணும் வழக்கம் விசேஷங்களில் கிடையாது. சஹன் என்னும் அகன்ற தட்டு ஒன்றில் இருவரோ மூவரோ சேர்ந்து உண்பார்கள். அன்று விசேஷமில்லை, ஆனாலும் மாமி சஹனைத்தான் எடுத்து வைத்திருந்தார்கள். மச்சானும் அவர் மகனும் நானும் சுற்றி உட்கார்ந்தோம். நெய்ச்சோறு, களறிக் கறி, கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட பருப்பு, கடைசியில் புளியாணம். களறிக் கறியை நான் பல ஊர் விருந்துகளில் உண்டிருக்கிறேன். இதன் காரமும் பக்குவமும் வேறு. கறித்துண்டு எலும்பை விட்டு விரல் பட்டவுடன் கழன்றது. மச்சான் நல்ல துண்டுகளைப் பேசாமல் என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். ஒரே தட்டில் உண்ணும்போது கோபத்தைக் காப்பாற்றி வைப்பது எளிதன்று. முப்பதாண்டுகளுக்குமுன் இதே கூடத்தில் இதே சஹனைக் கண்டு, "எனக்குத் தனித் தட்டு கொடுங்கள்" என்று கேட்டவன் நான்.

உணவுக்குப்பின் தம்மடை வந்தது. ரவையும் முட்டையும் நெய்யும் சேர்த்துச் செய்த பண்டம். மாணவர் அனுப்பிய பஸ்பூசாவின் படம் நினைவுக்கு வந்தது, இரண்டும் ரவைதான். தோற்றத்தைக் கொண்டு உறவு பேசிவிடக் கூடாது என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். ஆனால் அடுத்து வந்த இஞ்சிக் கொத்தைப் பற்றித் துணிந்தே சொல்லலாம். திருக்குர்ஆனின் 76-ஆம் அத்தியாயம் சுவனத்துப் பானத்தில் கலந்திருக்கும் ஸஞ்சபீலைக் குறிப்பிடுகிறது. அச்சொல்லும், கிரேக்கர் இஞ்சிக்கு வழங்கிய பெயரும், பிராகிருத வழியாக நம் தென்னாட்டு 'இஞ்சி'யிலிருந்து கிளைத்தவை என்பது மொழிநூலார் பலரின் கருத்து. சரக்கு போன வழியே சொல்லும் போயிருக்கிறது. இதை மச்சான் மகனுக்கு விளக்கத் தொடங்கினேன். பையன் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மாமி குறுக்கிட்டார்கள். "அவளுக்கு இஞ்சிக் கொத்துன்னா உசிரு. அங்கே செஞ்சு தருவாளா உங்களுக்கு?"

செய்திருக்கிறாள். இனிப்பு எனக்கு ஆகாது என்று நான் தொடாமல் வைத்துவிட, அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள். இதை எப்படிச் சொல்வது? "தருவாள்" என்றேன்.

பிறகு மச்சான் வீட்டைச் சுற்றிக் காட்டினார். பின்கட்டில் மேலிருந்து கீழ்வரை சுவர் விரிந்து, கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. சமையற்கட்டுக் கூரையில் உறி ஒன்று வெறுமையாகத் தொங்கியது. முன்கட்டு மட்டும் எப்படி இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டேன். மச்சான் பதில் சொல்லாமல் மாமியைப் பார்த்தார்.

"அவதான் வருஷம் தவறாம நோன்புக்கு முன்னாடி சுண்ணாம்புக்குன்னு பணம் அனுப்புவாளே. உங்ககிட்டே சொல்லலையா? போன ரெண்டு வருஷமா இவன் போட்டு அடிக்கிறான். நிறுத்த மனசு வரலை."

பொத்தேரியில் எங்கள் வீட்டு முன்னறையில் மாலை நேரங்களில் அவள் அக்கம்பக்கத்துச் சிறுமியருக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தாள். பிள்ளைகளின் பெற்றோர் மாதந்தோறும் ஏதோ சிறு ஹதியா தருவார்கள். அந்தப் பணம் என்னவாயிற்று என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காதது என் பெருந்தன்மை என்றுகூட எண்ணியிருந்தேன். அது தாம்பரத்துக்குத் தெற்கே நானூறு மைல் பயணம் செய்து, நான் குடியிருக்க மறுத்த வீட்டின் சுவரில் ஆண்டுதோறும் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. இருபத்தொன்பது பூச்சு. சுவரில் கை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது.

கொல்லைக் கதவைத் திறந்தோம். கிணற்றடிக்கு அப்பால், முருங்கை மர நிழலில் மூன்று கருங்கற்கள் கிடந்தன. நடுவே சாம்பல் இல்லை, மழை கழுவிவிட்டிருந்தது. ஆனால் உட்பக்கமெல்லாம் கரி. விசேஷங்களுக்குச் சோறு ஆக்கும் அடுப்பு. அவள் இங்கு வந்த பெருநாட்களில் மூட்டியது. கடைசியாக எப்போது மூட்டினாள் என்று நான் கேட்கவில்லை.

நான் மாணவர்களிடம் சொல்லுவதுண்டு: கவிஞன் அழுவது இடிபாட்டுக்காக அன்று, அங்கே நின்றால்தான் அவனுக்கு அழ வருகிறது, அவ்வளவே என்று. நகைச்சுவையாகச் சொல்லுவேன், வகுப்பும் சிரிக்கும். அன்று கொல்லையில் அப்படி ஒன்றும் நடந்துவிடவில்லை. மச்சான் பக்கத்தில் நின்றார். காக்கை ஒன்று கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்தது. அஸ்ருக்குப் பாங்கு சொன்னார்கள், போய்விட்டோம்.

மாலையில் வீட்டை விலைக்குக் கேட்டவர் வந்தார். நல்ல மனிதர், நியாயமான விலையும் சொன்னார். இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டப்போவதாகத் தெரிவித்தார். மாமி உள்ளறையில் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போய்த் தங்குவதற்குத் தங்கை வீட்டில் ஓர் அறை ஒழித்திருக்கிறார்களாம். பன்னிரண்டில் மூன்று பங்குக்கு என்ன தொகை வரும் என்பதை என் மனம் கேட்காமலே கணக்கிட்டு முடித்தது. எழுத்தாணி பிடித்த கைக்கு இது ஒரு நோய். நான் அவரிடம் தேநீர் அருந்துமாறு வேண்டினேன். அவர் அருந்தி முடித்தபின், என் பங்கை விற்பதாயில்லை என்று சொன்னேன். மச்சான் சற்றுத் திகைத்தார். விற்றால் அவருக்கு வரவேண்டிய ஒரு பங்கை நான் ஈடு செய்துவிடுவதாகச் சொன்னபோது, "அதையா நான் கேட்டேன், மச்சான்?" என்று எழுந்து வெளியே போய்விட்டார். இரவு கடற்கரைக்கு அவரே என்னை அழைத்துப் போனார். கறிக் கஞ்சியும் வடையும் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்து குடித்தோம். அலை ஓயாமல் வந்துகொண்டிருந்தது. அவர் தம் அக்காவின் சிறுவயதுக் குறும்புகளைச் சொன்னார். அவற்றில் ஒன்றுகூட நான் முன்பு கேட்டதில்லை.

மாணவருக்கு அங்கிருந்தே விடை எழுதினேன். கைரவான் தூண்களைக் காண இன்ஷா அல்லாஹ் பின்னொரு நாள் வருகிறேன். இந்த விடுமுறை சுண்ணாம்புக்குச் செலவாகிறது என்று. அவருக்குப் புரிந்திருக்காது.

மறுநாள் காலையில் கொத்தனார் வந்தார். விரிந்த சுவரைத் தட்டிப் பார்த்தார். அடித்தளத்தைக் குத்திப் பார்த்தார். பின்கட்டைப் பிரித்துக் கட்ட ஒரு தொகை சொன்னார்; என் சேமிப்பில் பெரும்பகுதி அதற்கே போகும். கொல்லைக்கும் தளம் போட்டுவிட்டால் மழைநீர் அடித்தளத்தில் இறங்காது என்றார். சரி என்றேன். முழநூலைப் பிடித்து அளந்துகொண்டே முருங்கை மரத்தடிக்குப் போனவர் திரும்பிக் கேட்டார்:

"இந்தக் கல்லு மூணையும் தூக்கிப் போட்டுரலாமா, பாய்?"

"அதை விட்டுச் சுற்றிப் போடுங்கள்" என்றேன்.